சோடி பிரியக் கூடாது: பழைய ஜீப்பை வீட்டு முற்றத்தில் கழற்றுவோருக்கு

ஜவ்வாது மலைப் பாதையிலும் ஏலகிரி வளைவுகளிலும் ஆளும் மூட்டையும் ஏற்றி ஓய்ந்துபோன ஜீப்புகளை அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஆலங்காயம் பக்கம் புளியமரத்தடியிலும் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் இன்னும் பார்க்கலாம். பெரும்பாலும் மஹிந்திராவின் பழைய சி.ஜே. வகை, எம்.எம்.540, 550, நடுநடுவே மாருதி ஜிப்ஸி. காயலான் கடைக்காரர் வந்தால் எடை போட்டுத்தான் கேட்பார். அவர் தராசில், இஞ்சின் பலத்தை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தண்டவாளத் துண்டும் ஒன்றுதான். ஓடுகிற ஜீப் வைத்திருப்பவருக்கோ அந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் தேடி அலைந்தாலும் கிடைக்காத சரக்கு.

இப்படி ஒரு வண்டியை வாங்கி, நல்ல பாகங்களை எடுத்து இன்னொன்றை ஓடவைக்க நினைப்பவர்களுக்கு இது. புதிதாக இறங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே தவறின் வெவ்வேறு உருவங்கள்: ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய இரண்டு பாகங்களைப் பிரித்துவிடுவது. ஆக்சில் நடுவில் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனும் அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனும் சோடி. பேரிங்கின் உள் வளையமான கோனும் வெளி வளையமான கப்பும் சோடி. டீசலைத் தெளிக்கும் நாசிலின் ஊசியும் அதன் உடலும் சோடி. முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னும், அதன் அடியில் இருந்து இறுக்கத்தைச் சரிசெய்யும் ஷிம் தகடுகளும் சோடி. சோடி பிரிந்த பாகத்தைக் காயலான் கடைக்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடலாம்.

முதலில் ஆர்.சி., பிறகு ஸ்பேனர்

சேஸ் எண் தெரியாத வண்டியில் கை வைக்காதீர்கள். மண்ணைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, எண்ணைப் படித்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இலக்கங்கள் மேலும் கீழும் ஏறியிருந்தாலோ, அந்த இடத்தில் கிரைண்டர் தடம் தெரிந்தாலோ திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். ஏலத்தில் எடுத்த அரசு வண்டியானால் ஏல உத்தரவும் பணம் கட்டிய ரசீதும் மூலமாகவே உங்களிடம் இருக்க வேண்டும்.

ஒரு வண்டி இனி ஓடவே ஓடாது என்று ஆகிவிட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 1988, 55-ஆம் பிரிவின்படி உரிமையாளர் 14 நாளுக்குள் அல்லது கூடிய விரைவில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். முழு வண்டியையும் அழித்துவிடுவதென்றால் அதற்கு 2021-இல் வந்த தனி விதிகள் உண்டு. பதிவுபெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். பாகங்களை மட்டும் கழற்றினாலும் சேஸில் எண் இருக்கும் பகுதியை அறுக்கவோ விற்கவோ கூடாது. எடுத்த இஞ்சினை இன்னொரு வண்டியில் ஏற்றினால் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும், ஆர்.டி.ஓ. ஒப்புதல் இல்லாமல் ஓட்ட முடியாது.

ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று: பழைய ஆர்.சி.யில் வட ஆற்காடு என்றோ வேலூர் என்றோ இருக்கும். 2019-இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. டி.என்.23 என்று பலகை இருப்பதாலேயே வேலூர் அலுவலகத்துக்குப் போய் நிற்காமல், உரிமையாளரின் முகவரி இப்போது எந்த அலுவலகத்தில் வருகிறது என்று முதலில் விசாரியுங்கள்.

இடமும் தூக்குவதும்

மண் தரையில் ஜாக்கி மெல்லப் புதையும். புதைவது கண்ணுக்குத் தெரியாது. ஜாக்கிக்கும் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் 2 அங்குலம் தடித்த மரப்பலகை, குறைந்தது ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, போடுங்கள். ஸ்டாண்ட் ஆக்சில் குழாயின் அடியில் நிற்கட்டும். பட்டையை (லீஃப் ஸ்பிரிங்கை) எடுக்கப் போகிறீர்களானால் மட்டும் சேஸுக்கு அடியில். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் கூடவே கூடாது. அவை வளைந்து எச்சரிக்காது. ஒரே நொடியில் நொறுங்கும்.

வேப்பமரக் கிளையில் செயின் பிளாக் மாட்டி இஞ்சினைத் தூக்குவது நம் பக்கத்து வழக்கம். பச்சைக் கிளை தாங்கும், பட்டது தாங்காது, எது பட்டது என்று பட்டைக்கு மேலிருந்து தெரியாது. ஒரு நாள் வாடகைக்கு 1 டன் செயின் பிளாக்கும் முக்காலியும் எடுத்துவிடுங்கள்.

ஸ்பேனர் தொடும் முன் மூன்று வேலை. பேட்டரியின் மைனஸ் ஒயரை முதலில் கழற்றுங்கள். பழைய ஜீப்பில் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கும் பெட்ரோல் டேங்கை வடித்து, வெளியே எடுத்து, மூடி, வேலை நடக்கும் இடத்துக்குத் தள்ளி வையுங்கள். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. உள்ளே இருப்பது ஆவி. அதில் வெல்டிங், கட்டிங் எதுவும் வீட்டில் வேண்டாம். மூன்றாவது, கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு ஆக்சில் ஆகியவற்றின் ஆயிலை நான்கு தனித்தனி டப்பாவில் வடியுங்கள். அந்த நான்கு டப்பாவும் எக்ஸ்ரே படம் மாதிரி.

மோர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆக்சில் குழாயின் மேல் இருக்கும் சின்ன மூச்சுக்குழல் மண் அடைத்துக்கொள்ளும். சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும்; மூச்சுக்குழல் வழியே காற்று வர முடியாததால் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டு எடுங்கள்; அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டினால் இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கிறது. கியர் பாக்ஸில் ஆயில் குறைந்து, பக்கத்து டிரான்ஸ்ஃபர் கேஸில் வாய் வரை நிறைந்திருந்தால் ஒழுக்கு வெளியே இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஷாஃப்ட் வழியே ஆயில் இடம் மாறியிருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பிடிக்கும். முன் ஆக்சில் கொஞ்சம் குறைவு. வடிந்த அளவை எழுதி வையுங்கள்.

அங்குலமா, மில்லிமீட்டரா

வில்லிஸ் என்ற அமெரிக்க ஜீப்பின் வழி வந்த மஹிந்திராவில் ஆக்சில், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் அங்குல நட்டு. பிரெஞ்சு நிறுவனமான பூஷோ வழி வந்த டீசல் இஞ்சின் மில்லிமீட்டர். ஒரே வண்டியில் இரண்டும் இருக்கும். ஜிப்ஸியில் இந்தத் தொல்லை இல்லை. 10, 12, 14, 17, 19 போதும்.

அங்குலத்தில் 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 வேண்டும். சிலவற்றில் மில்லிமீட்டர் ஸ்பேனர் பிழைக்கும்: 7/16-க்கு 11, 5/8-க்கு 16, 3/4-க்கு 19 கிட்டத்தட்ட ஒட்டும். 1/2 என்பது 12.7 மி.மீ.; அதற்கு 13-ஐப் போட்டால் 0.3 மி.மீ. ஆட்டம். புது நட்டு தாங்கும். முப்பது வருஷத் துரு நட்டு மூலை மழுங்கி உருண்டையாகிவிடும். 9/16-க்கு 14 நுழையாது, 15 சுற்றும். அந்த ஒரு ஸ்பேனரையாவது காசு கொடுத்து வாங்குங்கள்.

சக்கர நட்டில் பலர் போல்ட்டையே முறிப்பார்கள். பழைய வில்லிஸ் வழி வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டு இடது மரையாக இருக்கலாம். வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். ஏறி மிதிக்கும் முன் போல்ட்டின் முனையைத் துடைத்து, மரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

இறுகிய போல்ட்டுக்கு அவசரம் ஆகாது. கம்பி பிரஷால் மரையைத் துடை, துரு எண்ணெய் விடு, தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டு, ஒரு ராத்திரி விடு. கடைத் துரு எண்ணெய் இல்லாவிட்டால் பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். ஆயிலும் அசிடோனும் சம அளவில். கலந்த உடனே பயன்படுத்த வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. மறுநாள் முதலில் இம்மியளவு இறுக்கிப் பாருங்கள், பிறகு தளர்த்துங்கள். துருவின் பிடி இறுக்கும்போதும் உடையும். அரைச் சுற்று வந்து மீண்டும் பிடித்தால் பலம் போடாமல் திரும்ப உள்ளே ஓட்டி, எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே வாருங்கள். கேஸ் கட்டிங் கடைசி வழி. பேரிங் இருக்கும் இடத்துக்கு அருகே சூடு காட்டினால் பேரிங்கின் பதம் போய்விடும்.

கழற்றிய போல்ட்டை அது வந்த ஓட்டையிலேயே இரண்டு சுற்று திருகி வைப்பது நல்ல பழக்கம். முடியாதபோது ஒரு பகுதிக்கு ஒரு டப்பா. எல்லாவற்றையும் ஒரே பெயின்ட் டப்பாவில் போட்டு வைத்தவர்கள் பிறகு எடைக்குத்தான் போட்டிருக்கிறார்கள்.

முன் ஆக்சில்: எங்கே மெதுவாகப் போக வேண்டும்

ஜீப்பின் முன் சக்கரத்துக்குப் பின்னால் ஆக்சில் முனையில் பெரிய இரும்புப் பந்து தெரியும்; அதன்மேல் சக்கரத்தோடு திரும்பும் உறைதான் நக்கிள். நான்கு சக்கர ஓட்டம் இந்தப் பந்துக்கு உள்ளே இருக்கும் ஜாயின்ட் வழியே சக்கரத்துக்குப் போகிறது. பந்தின் மேல் ஃபெல்ட் சீல் துடைத்துக்கொண்டே திரும்பும். பந்தில் துருக்குழி விழுந்தால் அது ஃபெல்ட்டைக் கிழிக்கும். கிழிந்த வழியே கிரீஸ் வெளியே, பாலாற்று மணல் உள்ளே. மணலும் கிரீஸும் கலந்தால் அது சாணைக்கல் பசை.

மஹிந்திராவில் கழற்றும் வரிசை இது. சக்கரமும் டிரம்மும் வந்த பிறகு நடுவில் இருக்கும் டிரைவ் ஃபிளாஞ்சின் ஆறு போல்ட். ஷாஃப்ட் நுனியில் கிளிப்போ நட்டோ இருக்கும், அதை எடுத்துவிட்டு ஃபிளாஞ்சை வெளியே இழுங்கள். உள்ளே இரண்டு பெரிய நட்டு, நடுவில் காது மடக்கிய லாக் வாஷர். காதை நிமிர்த்திய பிறகே நட்டு. இந்த நட்டுக்கு 2 1/16 அங்குல பாக்ஸ் வேண்டும். உளியை வைத்துத் தட்டித் தட்டிச் சுற்றிய தழும்பு இல்லாத நட்டைப் பழைய ஜீப்பில் காண்பது அரிது. அந்தத் தழும்பு இருந்தால் பேரிங்கும் கண்டபடி இறுக்கப்பட்டிருக்கும், சந்தேகத்தோடே பாருங்கள்.

சக்கரம் மாட்டும் ஹப் வந்ததும், அது சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் போல்ட்டுகள், அதன்பின் ஆக்சில் ஷாஃப்டை நேராக வெளியே இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் உள் சீல் கிழியும். அடுத்தது இரண்டு பாதியாக இருக்கும் ஃபெல்ட் சீல் வளையம். கடைசியில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக கிங்பின் மூடிகள். ஒவ்வொரு மூடிக்கும் அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் ஒட்டியிருக்கும். இந்த இடத்தில்தான் நிறைய பேர் கோட்டைவிடுவது. மேல் ஷிம்மை ஒரு கம்பியிலும் கீழ் ஷிம்மை ஒரு கம்பியிலும் கோத்து, வலது மேல், வலது கீழ் என்று சீட்டு கட்டி, அந்தந்த மூடியோடு சேர்த்தே வையுங்கள்.

பேரிங்குகளுக்குப் பயப்பட வேண்டாம். எண் இருந்தால் கடையில் கிடைக்கும். வில்லிஸ் வழி முன் ஆக்சிலில் ஹப் பேரிங் 18590 கோன், 18520 கப். கிங்பின் பேரிங் 11590 கோன், 11520 கப். கோனை மட்டும் மாற்றிக் கப்பை விட்டுவைத்தால் பழைய கப்பின் தடத்தில் புதிய உருளை உட்காராது. ஒரே மாதத்தில் சத்தம் போடும். பழையதையே திருப்பிப் போடுவதானால் மண்ணெண்ணெயில் கழுவி, காற்றில் உலர்த்தி, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நீலம் பாரித்திருந்தால் சூடேறியது. உருளைகளின் இடைவெளியிலேயே வரிசையாகப் பள்ளம் இருந்தால் ஒரே இடத்தில் நின்று அடிவாங்கியது. இரண்டும் குப்பை. கம்ப்ரஸர் காற்றால் பேரிங்கைச் சுழலவிட்டு ரசிக்காதீர்கள். எண்ணெய் இல்லாமல் சுழன்றால் தேயும், கூண்டு உடைந்தால் உருளை தெறிக்கும்.

நக்கிளுக்குள் என்ன இருந்தது என்பதும் ஒரு சேதி. கட்டியான கிரீஸ் இருந்தால் நல்லது. குழம்பு மாதிரி நீர்த்திருந்தால் ஆக்சில் குழாயின் உள் சீல் போய், கியர் ஆயில் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஆக்சிலில் ஆயில் குறைந்திருக்கும், கிரவுனை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாட்டும்போது பந்தை 320 எண் எமரி தாளால் தேயுங்கள். ஆழமான குழியை உலோக எபாக்ஸி பூசி, காய்ந்ததும் தேய்த்துச் சமமாக்கலாம். அழகில்லை, ஆனால் ஃபெல்ட் கிழியாது. கிங்பின் இறுக்கத்தை ஃபெல்ட் சீல் போடாமல்தான் பார்க்க வேண்டும். டை ராடு மாட்டும் ஓட்டையில் வில்தராசுக் கொக்கியை மாட்டி மெல்ல இழுங்கள்; ஜிப்ஸியில் சுமார் 1 முதல் 2 கிலோவுக்குள் நக்கிள் அசைய ஆரம்பிக்க வேண்டும். லேசாக ஆடினால் ஷிம்மை எடுக்க வேண்டும், இறுகினால் சேர்க்க வேண்டும். எடுத்தாலும் சேர்த்தாலும் மேலும் கீழும் ஒரே அளவு. மேலே மட்டும் எடுத்தால் ஆக்சில் ஷாஃப்ட் நடுவில் இல்லாமல் ஏறியோ இறங்கியோ ஓடும். 50 கி.மீ. வேகத்தில் பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டியரிங் பேய் பிடித்தமாதிரி ஆடுகிறதே, அதில் பாதிக் குற்றவாளி இந்தத் தளர்ந்த கிங்பின்தான். ஸ்டியரிங் டாம்பர் போட்டு மறைப்பது கட்டியின் மேல் பவுடர் பூசுவது.

ஹப் நட்டைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இறுக்குங்கள். சக்கரம் பிடிக்கும் வரை இறுக்கி, பிறகு ஆறில் ஒரு சுற்று பின்னால் தளர்த்துங்கள். லாக் வாஷர், வெளி நட்டு, காது மடக்கு. வெளி நட்டை இறுக்கிய பிறகு ஒருமுறை மீண்டும் சுழற்றிப் பாருங்கள், அது உள் நட்டையும் கூடத் தள்ளியிருக்கும்.

ஜிப்ஸியில் கூடுதலாக ஒன்று. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நான்கு சக்கர ஓட்டத்தில் நகர்த்தும்போது டக்டக்கென்று கேட்டால் வெளி ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. அதைச் சரிசெய்ய வழியில்லை. அந்த ஷாஃப்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பின் ஹப்: பறக்கும் ஹப்

மஹிந்திராவின் பழைய பின் ஆக்சிலில் ஹப், கூம்பாக இருக்கும் ஷாஃப்ட் முனையில் சாவியோடு (இரண்டும் தனித்தனியே சுழலாமல் பிடிக்கும் சிறு இரும்புக் கட்டையோடு) இறுகி உட்கார்ந்திருக்கும். நட்டைக் கழற்றினாலும் அசையாது. புல்லர் வேண்டும், ஐந்து சக்கர போல்ட்டிலும் சமமாகப் பிடிக்கிற வகை. காட்டர் பின்னை எடுத்து, நட்டை மூன்று நான்கு சுற்று தளர்த்துங்கள், முழுக்க எடுக்காதீர்கள். புல்லரை இறுக்கி, அதன் நடுத்தண்டின் தலையில் ஓர் அடி. வரவில்லையா, அப்படியே ராத்திரி முழுக்க விடுங்கள். சில சமயம் நடுராத்திரியில் துப்பாக்கிச் சத்தம் மாதிரி தானாக விடும். நட்டு அங்கே இருந்தால் ஹப் அதில் முட்டி நிற்கும். இல்லாவிட்டால் எதிரே இருப்பவர் மேல்.

ஷாஃப்ட் நுனியை நேரடியாகச் சுத்தியலால் அடிப்பது கூடாது. மரை விரிந்து காளானாகும். அடியின் அதிர்வு உள்ளே இருக்கும் பேரிங்கில் போய்ப் பதியும். திருப்பி மாட்டும்போது கூம்பை உலர்வாகத் துடைத்து, கிரீஸ் பூசாமல், குறைந்தது 200 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். காட்டர் பின் ஓட்டை நேராக வராவிட்டால் மேலும் இறுக்கி நேராக்குங்கள், தளர்த்தி அல்ல. தளர்ந்த கூம்பில் ஹப் சாவியை வெட்டும், பிறகு ஷாஃப்டையே வெட்டும்.

கிரவுன் பினியன்: திறக்காமல் எண்ணுங்கள்

நல்ல நிலையில் இருக்கும் ஆக்சிலை முழுதாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். சுழற்றிப் பாருங்கள், ஆயிலைப் பாருங்கள், விகிதத்தை எண்ணுங்கள், போதும். இரண்டு சக்கரத்தையும் தூக்கி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டும் பினியன் ஃபிளாஞ்சில் சாக்பீஸ் கோடு போட்டு, இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக ஒரே ஒரு சுற்று சுற்றுங்கள். பினியன் ஃபிளாஞ்ச் 5 சுற்றும் இன்னும் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கும் வந்தால் 5.38, கிரவுனில் 43 பல், பினியனில் 8. ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் 4.88, 39-க்கு 8. ஒரு சக்கரம் தரையில் இருந்தால் மற்றதை இரண்டு சுற்று சுற்ற வேண்டும்.

முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே விகிதமாக இல்லாத வண்டியை நான்கு சக்கரத்தில் போட்டால், ஒரு ஆக்சில் இன்னொன்றை இழுத்துக்கொண்டே இருக்கும். மணலில் தெரியாது, தார் ரோட்டில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் கிராஸ் முறியும், இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ். காயலான் கடையிலிருந்து ஒற்றை ஆக்சில் வாங்கி மாட்டியவர்களுக்கு இது வாடிக்கையான செலவு.

திறந்தே ஆக வேண்டுமானால், பினியன் முகத்தில் இருக்கும் எண்ணும் கிரவுன் விளிம்பில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒன்றாக இல்லாத சோடி ஊளையிடும். பேரிங் கேப்களில் இடம், வலம் என்று பஞ்ச் அடித்துக்கொள்ளுங்கள். பல் இடைவெளி 0.13 முதல் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதை டயல் கேஜ் இல்லாமல் விரலால் உணர முடியும் என்று சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸ்

மஹிந்திராவில் டானா 18 என்ற மாதிரியின் வழி வந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் வார்ப்பிரும்புப் பெட்டி, எளிதில் சாகாது. அதன் பலவீனம் நடு கியர் ஓடும் ஷாஃப்ட். லாக் தகட்டை எடுத்துவிட்டு ஷாஃப்டைத் தட்டி வெளியே எடுக்கும்போது ஊசி உருளைகள் கொட்டும். அடியில் வெள்ளைத் துணி விரித்து, எண்ணி எழுதுங்கள். மாட்டும்போது கெட்டி கிரீஸால் ஒட்டவைத்து அதே எண்ணிக்கையில். ஒன்று உள்ளே விழுந்து கிடந்தால் அது முதல் நாளே பல்லுக்கு நடுவில் போய்விடும்.

ஷாஃப்டின் மேல் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் ஷாஃப்ட், உருளை, இருபக்கத் தள்ளு வாஷர் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் சீக்கிரமே பழைய கதை.

ஷிஃப்ட் கம்பிகளை இழுக்கும் முன் ஓட்டை மேல் துணியைப் போட்டு விரலால் மூடுங்கள். அடியில் ஸ்பிரிங் தள்ளும் இரும்புக் குண்டு இருக்கிறது. செம்பருத்திச் செடிக்குள் போன குண்டை யாரும் இதுவரை கண்டுபிடித்ததில்லை. நான்கு சக்கரத்திலிருந்து தானாக நழுவும் பெட்டியில் பெரும்பாலும் குற்றம் பல்லில் இல்லை, இந்த ஸ்பிரிங்கில்தான்.

இஞ்சின்: எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

வருஷக்கணக்கில் நின்று இறுகிய இஞ்சினை செல்ஃப் போட்டுச் சுற்றாதீர்கள். பிளக்கையோ நாசிலையோ கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் ஏ.டி.எஃப். ஆயிலும் கலந்து 50 மில்லி ஊற்றி மூன்று நாள் விடுங்கள். பிறகு கிராங்க் நட்டில் நீண்ட கைப்பிடி போட்டு, முன்னும் பின்னும் இம்மி இம்மியாக அசைக்க வேண்டும். சுற்ற ஆரம்பித்ததும் ஓட்டைகளைத் துணியால் மூடி, ஊற்றியதை வெளியே வரவையுங்கள். எண்ணெய் நிற்கும்போதே நாசிலை மாட்டிச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும், எண்ணெய் அமுங்காது.

ஹெட்டின் நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தளர்த்துங்கள். மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. புஷ் ராடுகளை அட்டையில் துளை போட்டு, எண் எழுதிச் செருகி வையுங்கள். மெயின் பேரிங் கேப் ஒன்றை இன்னொரு இடத்தில் போட்டால் கிராங்க் இறுகும்; கேப்களை இஞ்சின் பிளாக்கில் மாட்டிய நிலையில்தான் கடைந்திருக்கிறார்கள்.

டீசல் பம்பை வீட்டில் திறக்க வேண்டாம். குழாய் முனைகளையும் பம்ப் வாய்களையும் சுத்தமான மூடியால் அடைத்து, முழுதாகவே டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். நாசிலைச் சோதிக்கும்போது தெளிப்பின் முன்னால் கையைக் காட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வலி தெரியாது, மறுநாள் கை வீங்கும். அப்படி நேர்ந்தால் கீறல்தானே என்று இருக்காமல் அன்றே ஆஸ்பத்திரி.

கார்புரேட்டரின் ஜெட்டை இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள்; ஓட்டை பெரிதாகி வண்டி பெட்ரோலைக் குடிக்கும். மீன்பிடி நரம்பு போதும்.

எடுக்கக் கூடாதவை

பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர், ஆயில் சீல் எதிலும் பழையது கூடாது. பழைய ஜீப்பின் பிரேக் ஒரே சுற்று. ஒரு ரப்பர் போனால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. அமிர்தி பக்கம் மலை இறங்கும்போது அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். டிரம்முக்குள் இருக்கும் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஊதாதீர்கள், தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டுங்கள்.

வெல்டிங் வைத்த டை ராடு, நக்கிள் ஆர்ம், ஸ்பிண்டில் ஆகியவற்றைக் கையில்கூட எடுக்காதீர்கள். வெல்டிங் இல்லாததையும் விரிசல் பார்த்தே எடுங்கள். அதற்கு எளிய வழி: பாகத்தை மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் அதிலிருந்து மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளில் கோடாகத் தெரியும்.

துரு, பிறகு வைப்பு

வார்ப்பிரும்பு, சாதா இரும்புப் பாகங்களுக்கு மின்சாரத் தொட்டி நன்றாக வேலை செய்யும். பிளாஸ்டிக் தொட்டியில் 10 லிட்டர் தண்ணீர், 50 கிராம் வாஷிங் சோடா. 12 வோல்ட் சார்ஜரின் மைனஸ் துருப்பிடித்த பாகத்தில், பிளஸ் ஒரு சாதா இரும்புத் தகட்டில். இரண்டும் தொடக் கூடாது. எவர்சில்வர் தகடு போடாதீர்கள், நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். வரும் குமிழி ஹைட்ரஜன். திறந்தவெளியில், பீடி பற்றவைக்காமல் செய்யுங்கள். பட்டை, ஸ்பிரிங், பேரிங் இவற்றை இதில் போடக் கூடாது: ஹைட்ரஜன் புகுந்து எஃகு நொறுங்கும் தன்மை பெறும். அலுமினியம் கரைந்தே போகும். சின்ன நட்டு, வாஷருக்கு வீட்டுப் புளிக் கரைசல் ஒரு ராத்திரி போதும். எடுத்ததும் கழுவி, காயவைத்து, எண்ணெய் பூசாவிட்டால் மதியத்துக்குள் மீண்டும் துரு.

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் துண்டு சுலபமாகக் கிடைக்கும். வைஸ் தாடையில் போட அருமையான பொருள். பாகங்களைச் சுற்றி வைக்க மட்டும் அதை எடுக்காதீர்கள்: பதனிட்ட தோலில் தங்கும் உப்பு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெய்த் தாளில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக்.

வடித்த ஆயிலைக் கிணற்றடியிலோ ஓடையிலோ கொட்டக் கூடாது. தோல் கழிவால் பாலாற்றுப் பகுதி நீர் கெட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பு எழுத வேண்டியிருந்த மாவட்டம் இது. மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயிலைச் சுத்திகரிக்க அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள். பிரேக் ஆயிலையோ பெட்ரோலையோ அதில் கலந்தால் வாங்க மாட்டார்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லாப் பாகங்களையும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகையில் ஏற்றிவிடுங்கள். ஒவ்வொன்றிலும் எந்த வண்டி, எந்தப் பக்கம், எத்தனை ஷிம் என்று எழுதிய சீட்டு கம்பியில் தொங்கட்டும். திறந்த வாய் ஒவ்வொன்றையும், பிரேக் குழாயின் மெல்லிய முனை உட்பட, டேப்பால் அடையுங்கள். நம் பக்கத்துக் குளவிக்குக் கார்புரேட்டர் வாயும் இன்டேக் ஓட்டையும் அளவெடுத்துக் கட்டிய வீடு. மண்ணைக் குழைத்து அடைத்துவிட்டுப் போனால், வெளியே இருந்து பார்க்க ஒன்றும் தெரியாது.